55 இன்ச் டிவி இப்போது மலிவுதான். லாபிஸில் ஒரு குடும்பம் வாங்கும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

1,700 ரிங்கிட். 2025-ஆம் ஆண்டு முதல் நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் இது. 55 இன்ச் 4கே ஸ்மார்ட் டிவி ஒன்றின் விலையும் இன்று இதை ஒட்டியே நிற்கிறது. மலிவு விற்பனைக் காலத்தில் இதற்குக் கீழேயும் இறங்குகிறது. பத்து ஆண்டுகளுக்கு முன் இதே அளவுத் திரைக்குப் பல மடங்கு கொடுக்க வேண்டியிருந்தது.

ஆகவே, தீபாவளி நெருங்க நெருங்க "இந்த வருஷம் பெரிசா ஒண்ணு எடுத்துடலாம்" என்ற பேச்சு லாபிஸ் தாமான்களிலும் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலும் வீட்டுக்கு வீடு கேட்கும். ஆசையில் தவறு ஒன்றுமில்லை. ஆனால் மலிந்தது திரைதான். அதைப் பழுது பார்க்கும் செலவு மலியவில்லை. கடையில் இரண்டு டிவிகள் அருகருகே ஓடும்போது படம் ஒரே மாதிரிதான் தெரியும். வேறுபாடு மூன்றாவது வருஷத்தில்தான் தெரிய வரும்.

முதலில் அளவு நாடாவை எடுங்கள்

டிவியின் இன்ச் கணக்கு மூலைக்கு மூலை அளப்பது. 55 இன்ச் டிவியின் அகலம் ஏறக்குறைய 122 சென்டிமீட்டர், அதாவது 4 அடி. 65 இன்ச் என்றால் 144 சென்டிமீட்டர். இப்போதைய டிவிகளுக்கு நடுவில் ஒற்றைக் கால் இருப்பது குறைவு. இரண்டு ஓரத்திலும் கால் இருக்கும். வீட்டில் இருக்கும் பழைய டிவி மேசை மூன்றடி என்றால், புது டிவி அதில் நிற்கவே நிற்காது. டிவியைக் கொண்டு வந்து இறக்கிய பிறகு மேசைக்கு ஓடுபவர்கள் உண்டு.

உட்காரும் தூரத்துக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. திரை அளவைப் போல் 1.2 முதல் 1.6 மடங்கு தூரம் பார்ப்பதற்கு வசதி. 55 இன்ச்சுக்கு இது ஐந்தரை அடியிலிருந்து ஏழரை அடி வரை. 65 இன்ச்சுக்கு ஆறரை அடியிலிருந்து எட்டே முக்கால் அடி வரை. குறைந்த விலை வீடுகளின் வரவேற்பறையில் சோபாவும் போட்டால் மிஞ்சுவது பெரும்பாலும் ஏழெட்டு அடிதான். அங்கே 55 இன்ச் போதும். 75 இன்ச் வைத்தால், பழைய படங்களில் ஒவ்வொரு குறையும் பெரிதாகத் தெரியும்.

சுவரில் மாட்டுவது என்றால் சுவர் எது என்று பாருங்கள். கல் சுவர் பிரச்சினை இல்லை. தோட்டத்துப் பழைய பலகை வீடுகளில் வெறும் பலகையில் திருகாணி அடிக்கக் கூடாது. பத்துப் பதினைந்து கிலோ எடையை அது தாங்காது. உள்ளே நிற்கும் கட்டையைத் தேடி அதில்தான் அடிக்க வேண்டும்.

வீட்டில் உண்மையில் எதைப் பார்க்கிறார்கள்?

விற்பவர் கேட்காத கேள்வி இது. நாளெல்லாம் டிவி2, தமிழ்ச் செய்தி, மற்ற இலவச அலைவரிசைகள் என்று ஓடும் வீட்டுக்கும், யூடியூப்பும் நெட்ஃபிலிக்ஸும் மட்டுமே ஓடும் வீட்டுக்கும் ஒரே டிவி பொருந்தாது.

மலேசியாவில் பழைய அனலாக் ஒளிபரப்பு 2019-இல் படிப்படியாக நிறுத்தப்பட்டது. லங்காவியில் ஜூலையில் தொடங்கிய அந்த வேலை அக்டோபர் இறுதியில் சபா, சரவாக்கில் முடிந்தது. இப்போது மைஃப்ரீவியூ இலவச அலைவரிசைகள் டிவிபி-டி2 என்ற டிஜிட்டல் முறையில் வருகின்றன. டிவிக்குள்ளேயே இந்த டியூனர் இருந்தால் தனி டிகோடர் பெட்டி வேண்டாம். ஒரு யூஎச்எஃப் ஆண்டெனா போதும். இணையத்தில் மிக மலிவாக விற்கும் சில டிவிகளில் இது இருப்பதில்லை. "டிஜிட்டல் டிவி" என்று பெட்டியில் எழுதியிருப்பதை மட்டும் நம்பாதீர்கள். டிவிபி-டி2 என்ற எழுத்து இருக்கிறதா பாருங்கள். முடிந்தால் கடையிலேயே அலைவரிசைத் தேடலை ஓடவிடச் சொல்லுங்கள்.

லாபிஸைச் சுற்றி மேடு பள்ளம் அதிகம். ரப்பர், செம்பனை மரங்களுக்கு நடுவே இருக்கும் வீட்டில் டிவிக்குப் பின்னால் ஒட்டும் சிறிய ஆண்டெனா பல இடங்களில் எடுக்காது. அக்கம்பக்கத்துக் கூரைகளில் ஆண்டெனா எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று ஒரு பார்வை பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. கூரை ஆண்டெனா, கம்பி, ஆள்கூலி எல்லாவற்றையும் டிவி விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

அஸ்ட்ரோ பெட்டி வைத்திருப்பவர்கள் எச்டிஎம்ஐ துளை எத்தனை என்று எண்ண வேண்டும். பெட்டிக்கு ஒன்று, ஒலிப்பெருக்கிக்கு ஒன்று, பிள்ளைகளின் விளையாட்டுக் கருவிக்கு ஒன்று என்று மூன்றாவது வேண்டும். மலிவு டிவிகளில் இரண்டோடு நிறுத்திவிடுவது உண்டு.

"சிங்கப்பூர்ல வாங்கிட்டு வந்தா?"

இந்த வட்டாரத்துக் குடும்பங்களில் யாராவது ஒருவர் சிங்கப்பூரில் வேலை செய்வது சாதாரணம் என்பதால் இதையும் சொல்ல வேண்டும். சிங்கப்பூரும் டிவிபி-டி2 முறைதான். மூன்று முனை பிளக்கும் ஒன்றுதான். ஆகவே அந்த டிவி இங்கே ஓடும். ஆனால் உத்தரவாதம் பெரும்பாலும் அந்த நாட்டுக்குள் மட்டுமே. திரை கெட்டால் திரும்பவும் கடற்பாலம் கடந்து தூக்கிப் போக வேண்டும். சுங்கத்தில் வரியும் கேட்கப்படலாம். சீனாவிலிருந்து நேரடியாக வரவழைப்பது வேறு கதை. அங்கே ஒளிபரப்பு முறையே வேறு, டிடிஎம்பி. அந்த உள்ளூர்ச் சந்தைக்குச் செய்த டிவி நம்முடைய இலவச அலைவரிசைகளை எடுக்காது.

பெட்டியில் உள்ள பெரிய எழுத்துகள்

4கே என்பது 3840-க்கு 2160 புள்ளிகள். 50 இன்ச்சுக்கு மேல் இன்று ஏறக்குறைய எல்லாமே 4கே தான். அதற்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் நம் இலவச ஒளிபரப்பு எச்டி தரத்தைத் தாண்டுவதில்லை. அந்தப் படத்தை டிவிதான் இழுத்துப் பெரிதாக்கிக் காட்டுகிறது. மலிவு டிவிகளுக்கு இடையே நிஜமான வேறுபாடு இந்த இடத்தில்தான். கடையில் ஓடும் கடல், பூ, பறவை விளம்பரப் படத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். யூடியூப்பில் ஒரு பழைய தமிழ்ப் படப் பாடலைப் போடச் சொல்லுங்கள். பிறகு இருட்டுக் காட்சி ஒன்று. மனித முகம் ஆரஞ்சு நிறமாகத் தெரிந்தால், படத்தை 'விவிட்' அமைப்பிலிருந்து 'ஸ்டாண்டர்ட்'டுக்கு மாற்றச் சொல்லிவிட்டு மறுபடி பாருங்கள்.

கியூஎல்இடி, ஓஎல்இடி இரண்டும் பேரில் மட்டும்தான் நெருக்கம். ஓஎல்இடியில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும், விலை அதிகம். கியூஎல்இடி என்பது வழக்கமான எல்சிடி திரையில் நிறத்துக்காக ஒரு படலம் சேர்த்தது. நல்ல படலம்தான், ஆனால் வேறு இனம் இல்லை. 'எச்டிஆர்' என்ற எழுத்துக்கு மலிவு டிவியில் மதிப்புக் குறைவு. அந்தப் படத்தை அது ஏற்றுக்கொள்ளும். காட்டுவதற்குத் தேவையான வெளிச்சம் திரையில் இருக்காது.

கேட்க வேண்டிய ஒன்றை யாரும் கேட்பதில்லை: திரை விஏ வகையா, ஐபிஎஸ் வகையா? விஏ திரையில் கறுப்பு ஆழமாக இருக்கும், ஆனால் பக்கத்திலிருந்து பார்த்தால் நிறம் வெளுக்கும். ஐபிஎஸ் அதற்கு எதிர்மாறு. இரவில் இருவர் நேரே உட்கார்ந்து படம் பார்க்கும் வீட்டுக்கு முதலாவது. தாத்தா பாட்டி சோபாவில், பிள்ளைகள் தரையில், அத்தை சமையலறை வாசலில் நின்று பார்க்கும் வீட்டுக்கு இரண்டாவது.

மின்சாரத்துக்குப் பெரிதாகப் பயப்பட வேண்டாம். 120 வாட் எடுக்கும் டிவி ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம் ஓடினால் மாதம் 18 யூனிட். ஒரு யூனிட் 40 சென் என்று வைத்தாலும் 7 ரிங்கிட் சொச்சம். எரிசக்தி ஆணையத்தின் நட்சத்திர முத்திரையைப் பார்ப்பது நல்லது, ஆனால் அது குளிர்சாதனப் பெட்டிக்கு உள்ள அளவு முக்கியமில்லை.

'ஸ்மார்ட்' எவ்வளவு நாளைக்கு?

திரை பத்து வருஷம் ஓடலாம். உள்ளே இருக்கும் மென்பொருள் அவ்வளவு நாள் தாங்குமா என்பது சந்தேகம். கூகுள் டிவி, சாம்சங்கின் டைசன், எல்ஜியின் வெப்ஓஎஸ், ஹைசென்ஸின் விடா போன்றவற்றில் முக்கியச் செயலிகள் முறைப்படி கிடைக்கின்றன. 'ஆண்ட்ராய்டு டிவி' என்று பொதுவாகச் சொல்லி விற்கும் சிலவற்றில் கூகுளின் அங்கீகாரம் இருக்காது. கைப்பேசிக்கான செயலியைத் திணித்து வைத்திருப்பார்கள். கடையில் நெட்ஃபிலிக்ஸைத் திறந்து காட்டச் சொன்னால் தெரிந்துவிடும்.

மென்பொருள் மெதுவாகிவிட்டது என்பதற்காக டிவியையே மாற்ற வேண்டியதில்லை. இருநூறு ரிங்கிட் அளவில் ஒரு சின்னப் பெட்டியை எச்டிஎம்ஐ துளையில் சொருகினால் பழைய டிவியும் மறுபடி ஸ்மார்ட் ஆகிவிடும். ஆகவே திரைக்குக் காசு போடுங்கள், செயலிக்கு வேண்டாம்.

இணையம்தான் இன்னொரு செலவு. நெட்ஃபிலிக்ஸ் 4கே படத்துக்கு நொடிக்கு 15 மெகாபிட் வேகம் கேட்கிறது. ஒரு மணி நேரத்துக்கு 7 ஜிபி வரை தின்னும். எச்டி என்றால் 3 ஜிபி வரை. பட்டணத்தில் ஃபைபர் இருக்கும் வீட்டுக்கு இது பொருட்டில்லை. தோட்டத்தில் கைப்பேசி ஹாட்ஸ்பாட்டை நம்பி இருக்கும் வீட்டில் இரண்டு படத்திலேயே மாத டேட்டா பாதி போய்விடும்.

கெட்டுப்போனால் யார் வருவார்?

எல்இடி டிவிகளில் அடிக்கடி போவது பின்விளக்கு. சத்தம் வரும், படம் வராது. அறையை இருட்டாக்கி, திரையில் டார்ச் அடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் திரை நன்றாகத்தான் இருக்கிறது, உள்ளே விளக்குப் பட்டைதான் போயிருக்கிறது. அதை ஊரிலுள்ள பழுது பார்ப்பவரே மாற்றிக் கொடுப்பார். திரையே உடைந்தால் அப்படியில்லை. மாற்றுத் திரையின் விலை புது டிவியின் விலையை நெருங்கும். பெரும்பாலும் யாரும் மாற்றுவதில்லை. பின்விளக்கு நீண்ட நாள் உழைக்க, வாங்கிய முதல் நாளே வெளிச்சத்தை அறுபது, எழுபதுக்குக் குறைத்து வையுங்கள். காசு செலவில்லாத காரியம் இது.

லாபிஸ் கடையில் வாங்குவதா, சிகாமாட் போவதா, இணையத்தில் தட்டுவதா? இணையத்தில் நூறு, இருநூறு ரிங்கிட் குறையும். ஆனால் 55 இன்ச் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சேவை மையத்துக்கு அலைய யாராலும் முடியாது. உத்தரவாதம் எத்தனை வருஷம் என்பதைவிட, வீட்டுக்கு வந்து பார்ப்பார்களா என்பதே கேள்வி. "லாபிஸுக்கு ஆள் அனுப்புவீங்களா, போக்குவரத்துக் காசு யார் கொடுக்கிறது?" என்று கேட்டு, பதிலை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். இணையத்தில் வாங்கினால், பெட்டியைப் பிரிப்பது முதல் திரை எரிவது வரை இடைவெளி இல்லாமல் படம் பிடியுங்கள். உடைந்த திரைக்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. டிவியை வண்டியில் படுக்கப் போட்டுக் கொண்டு வராதீர்கள். நிறுத்தித்தான் கொண்டு வர வேண்டும்.

மாதம் 99 ரிங்கிட் என்பதன் கணக்கு

1,800 ரிங்கிட் டிவியை "மாசம் 99 தான், ரெண்டு வருஷம்" என்று ஒருவர் தருவதாக வைத்துக்கொள்வோம். 24 மாதத்தில் கட்டுவது 2,376 ரிங்கிட். கூடுதல் 576. ஆண்டுக்கு 16 விழுக்காடு என்று தோன்றும். ஆனால் நீங்கள் மாதாமாதம் அசலையும் கட்டிக்கொண்டே வருவதால், உண்மையான வட்டி ஆண்டுக்கு 28 விழுக்காட்டை ஒட்டி வரும். அதே 99-ஐ ஒன்றரை வருஷம் சேர்த்தால், கிட்டத்தட்ட முழு ரொக்கமும் கையில் இருக்கும். அதற்குள் விலையும் இன்னும் இறங்கியிருக்கலாம். வட்டியில்லாத் தவணை நிஜமாகவே கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் ரொக்க விலையை முதலில் கேட்டுவிட்டுப் பிறகு தவணையைக் கேளுங்கள்.

மின்னலும் வெள்ளமும்

இடி மின்னல் மிகுந்த நாடு இது. கூரை ஆண்டெனா உள்ள வீட்டில் பிளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது, ஆண்டெனா கம்பியையும் கழற்ற வேண்டும்; மின்னல் அந்த வழியாகவும் வரும். 2023 மார்ச் வெள்ளத்தில் சிகாமாட் மாவட்டம் கடுமையாகப் பாதிக்கப்பட்டது இன்னும் மறந்திருக்காது. தாழ்வான பகுதி வீடுகளில் டிவியைச் சுவரில் மாட்டுவதற்கு அழகைவிட இதுவே நல்ல காரணம். வெள்ளத்திலும் மின்னலிலும் போன டிவிக்கு உத்தரவாதம் பொதுவாகச் செல்லாது.

மற்றபடி, தரமில்லாத பொருளை விற்றவர் "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று எழுதி ஒட்டியிருந்தாலும், 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் உங்களுக்குத் தரும் உரிமை போய்விடாது. உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சிடம் புகார் செய்யலாம். அதன் கீழுள்ள பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரையிலான வழக்கை மூன்று ஆண்டுகளுக்குள் தொடுக்கலாம். கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் வேண்டியதில்லை. ரசீது, உத்தரவாத அட்டை, கடைக்காரரோடு பேசிய வாட்ஸ்அப் செய்திகள் இவை மூன்றும் கையில் இருக்க வேண்டும். ரசீதில் கடையின் பெயரும் டிவியின் மாடல் எண்ணும் தெளிவாக இருக்கின்றனவா என்பதைப் பணம் கொடுக்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.