ஒரே எண்ணுக்கு இரண்டு கருவிகள்: ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பகுதியில் சீரியல் போர்ட் மோதல்கள்

1. களமும் கேள்வியும்

சென்னை–பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையில் தண்டலத்தைத் தாண்டி மேற்கே போனால் இருங்காட்டுக்கோட்டை சிப்காட் வரும். அதையடுத்து ஸ்ரீபெரும்புதூர்; அங்கிருந்து சிங்கப்பெருமாள்கோவில் சாலையில் ஒரகடம். 1998இல் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தியைத் தொடங்கியது. 2006இல் நோக்கியாவும் 2007இல் டெல்லும் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்திக்கு வந்தன. 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை திறக்கப்பட்டது. பெரிய ஆலைகளைச் சுற்றி உதிரிபாகப் பட்டறைகளும் எடைமேடைகளும் சோதனைக்கூடங்களும் வளர்ந்தன. இத்தகைய இடங்களில் உள்ள பழைய சிஎன்சி இயந்திரம், பிஎல்சி, எடைமேடை இண்டிகேட்டர், லேபிள் பிரிண்டர் ஆகியவை கணினியோடு பேச இன்னும் நம்பியிருப்பது ஆர்எஸ்-232 என்ற தரத்தை. அமெரிக்காவில் 1960இல் வகுக்கப்பட்டது அது.

நல்ல லேத் இயந்திரம் இருபத்தைந்து ஆண்டு உழைக்கும். அதன் பக்கத்தில் வைத்த கணினி ஐந்தாறு ஆண்டுகளில் மாற்றப்பட்டுவிடும். கணினி மாறும் ஒவ்வொரு முறையும் “காம் போர்ட் எடுக்கவில்லை” என்ற புகார் எழுகிறது. கேபிளை மாற்றுகிறார்கள், கன்வெர்ட்டரை மாற்றுகிறார்கள், கடைசியில் விண்டோஸையே புதிதாக நிறுவுகிறார்கள். சில சமயம் சரியாகிவிடும். ஏன் சரியானது என்று யாருக்கும் தெரியாது. அடுத்த மாதம் அதே புகார் திரும்பி வரும்.

இரண்டு கருவிகளோ இரண்டு நிரல்களோ ஒரே வளத்துக்கு ஒரே நேரத்தில் உரிமை கோருவதையே இக்கட்டுரை மோதல் என்கிறது. அந்த வளம் எது என்பது காலத்தோடு மாறியிருக்கிறது. முதலில் அது மின்கம்பி, பிறகு பெயர், இப்போது பெரும்பாலும் உடைமை. ஓர் அடுக்கின் நோய்க்கு வேறோர் அடுக்கின் மருந்தைக் கொடுப்பதால்தான் பட்டறைகளில் ஷிப்டுகள் வீணாகின்றன என்பது இக்கட்டுரையின் வாதம்.

2. முதல் அடுக்கு: குறுக்கீட்டுக் கம்பி

1981 ஆகஸ்டில் வந்த ஐபிஎம் பிசியில் குறுக்கீடுகளைக் கவனிக்க இன்டெல் 8259 சில்லு ஒன்று இருந்தது. அதற்கு 8 உள்ளீடுகள். 1984இன் பிசி/ஏடியில் இரண்டாவது 8259 சேர்ந்தபோது 15 பயன்படும் கம்பிகள் கிடைத்தன. முதல் சீரியல் போர்ட்டான காம் 1க்கு முகவரி 3எஃப்8, கம்பி 4. காம் 2க்கு முகவரி 2எஃப்8, கம்பி 3. பின்னர் வழக்கத்துக்கு வந்த காம் 3, காம் 4 இரண்டுக்கும் 3இ8, 2இ8 என்று தனி முகவரிகள் கிடைத்தன, தனிக் கம்பிகள் கிடைக்கவில்லை. காம் 3 மீண்டும் கம்பி 4இல் ஏறியது. காம் 4 கம்பி 3இல் ஏறியது.

இக்கணினிகளில் கார்டுகள் செருகப்படும் ஐஎஸ்ஏ பஸ்ஸில் 8259 கவனிப்பது மின்னழுத்தம் தாழ்விலிருந்து உயர்வுக்குத் தாவும் அந்தக் கணத்தை மட்டுமே. ஒரு கார்டு கம்பியை உயர்த்திப் பிடித்திருக்கும்போது இன்னொரு கார்டு அதே கம்பியில் குரல் கொடுத்தால் புதிய தாவல் எதுவும் நிகழாது. இரண்டாவது அழைப்பு தொலைந்துபோகும். போதாக்குறைக்கு, ஒரு கார்டு மேலே தள்ள மற்றொன்று கீழே இழுக்கும் மின் இழுபறியும் உண்டு.

ஆனாலும் காம் 1இல் மவுஸும் காம் 3இல் மோடமும் வைத்த கணினி காலை முழுதும் ஒழுங்காக ஓடும். மோடம் எண்ணைச் சுழற்றத் தொடங்கிய நொடியில்தான் மவுஸ் உறையும். ஐபிஎம் வடிவமைப்பில், சீரியல் போர்ட்டை இயக்கும் யூஆர்ட் சில்லின் ‘அவுட் 2’ என்னும் ஒற்றை பிட்தான் அந்தக் கார்டைக் குறுக்கீட்டுக் கம்பியோடு இணைக்கிறது. மோடம் மென்பொருள் போர்ட்டைத் திறந்து அந்த பிட்டை இயக்கும்வரை மோடம் கம்பியில் இல்லவே இல்லை. எனவே “நேற்றுவரை நன்றாக ஓடியது” என்ற வாக்குமூலம் மோதல் இல்லை என்பதற்குச் சான்றாகாது. மோதல் நேற்றும் இருந்தது, வெளிப்படச் சந்தர்ப்பம் வாய்க்கவில்லை. பிற்கால அடுக்குகளிலும் இந்த இயல்பு தொடர்வதால் இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டியதாயிற்று.

1995 ஆகஸ்ட் 15இல் விஎஸ்என்எல் சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில் பொதுமக்களுக்கு இணைய இணைப்பைத் திறந்தது. அன்றைய டயல்-அப் பயனர்கள் இந்த மோதலை நேரடியாகச் சந்தித்தார்கள். மோடம் கார்டின் ஜம்பரை நகர்த்திக் கம்பி 5க்குக் கொண்டுபோவது அன்றைய வைத்தியம். சவுண்டு கார்டு அங்கே ஏற்கெனவே உட்கார்ந்திருந்தால் அதுவும் கைகொடுக்காது. இன்னொரு வழி, பயாஸுக்குள் போய்ப் பயன்படாத உள்ளமைந்த போர்ட்டை அணைத்து அதன் இடத்தை மோடத்துக்குக் கொடுப்பது. கம்பியில் தகராறு இல்லாமலே முகவரி மோதுவதும் உண்டு. ஐபிஎம் 8514/ஏ திரைக் கார்டும் அதன் வழிவந்த எஸ்3 கார்டுகளும் 2இ8 முகவரியைப் பயன்படுத்தியதால் காம் 4 அவற்றோடு ஒத்துப்போகவில்லை.

1990களில் வந்த பிசிஐ பஸ் தாவலைப் பார்ப்பதை விட்டு நிலையைப் பார்த்தது. ஒரே கம்பியைப் பலர் பகிரலாம் என்றானது. புதிய கணினியில் இந்த அடுக்கைத் தேடிக்கொண்டிருப்பது வீண் வேலை. ஐஎஸ்ஏ கார்டு செருகிய பழைய இன்டஸ்ட்ரியல் பிசி ஏதாவது இயந்திரத்தோடு இன்னும் பிணைந்திருந்தால் அங்கே மட்டும் ஜம்பரைப் பார்க்க வேண்டும்.

3. இரண்டாம் அடுக்கு: பெயர்ப் பதிவேடு

3.1. யுஎஸ்பி 1.0 தரம் 1996இல் வந்தது. அடுத்த பத்தாண்டில் மடிக்கணினிகளின் முதுகிலிருந்து 9 முள் போர்ட் ஏறக்குறைய மறைந்தது. அதன் இடத்தில் யுஎஸ்பி–சீரியல் கன்வெர்ட்டர்கள் வந்தன. ஸ்காட்லாந்தின் எஃப்டிடிஐ, தைவானின் புரோலிஃபிக், சீனாவின் சிஎச்340 என மூன்று சில்லுக் குடும்பங்கள் சந்தையில் பரவலாயின. இங்கே கம்பியும் முகவரியும் யுஎஸ்பியின் பொறுப்பு. பட்டறை மென்பொருளுக்கு அவை தெரியாது. அதற்குத் தெரிந்தது “காம் 3” என்ற பெயர் மட்டுமே. அந்தப் பெயரை யார் யாருக்குத் தருவது என்பதில் சிக்கல் குடியேறியது.

விண்டோஸ் இதற்கு ஒரு பதிவேடு வைத்திருக்கிறது. ரெஜிஸ்ட்ரியில் ‘காம் நேம் ஆர்பிட்டர்’ என்ற கிளையில் ‘காம்டிபி’ என்னும் மதிப்பு இருக்கும். வழக்கமாக 32 பைட், அதாவது 256 பிட். பிட்டுக்கு ஒரு போர்ட் எண். ஒருமுறை எண் வழங்கப்பட்டால் கருவியைக் கழற்றினாலும் பிட் அணையாது. டிவைஸ் மேனேஜரில் எண்ணை மாற்றப் போனால் எந்தக் கருவியும் செருகாத எண்ணுக்கு எதிரேகூட “பயன்பாட்டில்” என்று காட்டுவது இதனால்தான். அந்த எண்ணைப் பிடித்திருப்பது, எப்போதோ வந்துபோன ஒரு கன்வெர்ட்டரின் நினைவு.

கன்வெர்ட்டருக்குத் தனி வரிசை எண் இருந்தால் எந்த யுஎஸ்பி துளையில் செருகினாலும் அதே காம் எண் கிடைக்கும். எஃப்டி232ஆர் சில்லு ஆலையிலேயே இவ்வெண்ணைப் பெற்று வருகிறது. சிஎச்340 வகையில் பெரும்பாலானவற்றுக்கு அது கிடையாது. துளை மாறினால் விண்டோஸ் அதைப் புதிய கருவியாக எண்ணிப் புதிய எண் கொடுக்கும். அதனால் இரவு ஷிப்டில் தூசி துடைத்தவர் இரண்டு கேபிளை இடம் மாற்றிச் செருகினால், காலையில் எடைமேடை மென்பொருள் பார்கோடு ஸ்கேனரிடம் எடை கேட்டுக்கொண்டிருக்கும். பழுதான பொருள் ஒன்றும் இல்லை, ஆனால் வேலை நின்றுவிட்டது.

எண் பெரிதாவதும் தனிச் சிக்கல். விபி6 காலத்தின் எம்எஸ்காம் கட்டுப்பாடு 1 முதல் 16 வரையான எண்களைத்தான் ஏற்கும். அதை வைத்து எழுதிய எடைமேடை மென்பொருளிடம் “காம் 21” என்றால் பிழை வரும். மென்பொருளை மாற்றி எழுத வழியில்லை என்றால், மறைந்திருக்கும் பழைய கருவிகளை டிவைஸ் மேனேஜரில் ‘ஷோ ஹிடன் டிவைசஸ்’ மூலம் வெளிக்கொணர்ந்து ஒவ்வொன்றாக நீக்கினால் சிறிய எண்கள் விடுபடும். விண்டோஸ் 7 வரையிலான பதிப்புகளில் இதற்குமுன் ஒரு சூழல் மாறியையும் அமைக்க வேண்டும்.

3.2. ஸ்ரீபெரும்புதூருக்கே உரிய நேர்வு ஒன்று உண்டு: மின்னணு உற்பத்தியின் சோதனை மேசை. வரிசையில் வரும் ஒவ்வொரு பலகையையும் யுஎஸ்பியில் செருகி, சீரியல் போர்ட் வழியே நிரலேற்றிச் சரிபார்த்து எடுக்கிறார்கள். ஒவ்வொரு பலகைக்கும் தனி வரிசை எண். வீட்டுக் கணினிக்கு வரமாக அமைந்த ஏற்பாடு இங்கே சாபமாகிறது. பலகைக்கு ஒரு புதிய காம் எண் என்று விண்டோஸ் கொடுத்துக்கொண்டே போனால், 256 எண்கள் சுறுசுறுப்பான வரிசையில் நெடுநேரம் தாங்காது.

இதற்கு மைக்ரோசாஃப்டே வழி வைத்திருக்கிறது. ‘யுஎஸ்பிஃபிளாக்ஸ்’ ரெஜிஸ்ட்ரிக் கிளையில், வன்பொருள் வரிசை எண்ணைப் புறக்கணி என்று பொருள்படும் மதிப்பை அந்தச் சில்லின் தயாரிப்பாளர் எண், பொருள் எண் இரண்டையும் சேர்த்து எழுதி 1 என வைத்தால், விண்டோஸ் பலகையின் அடையாளத்தை விட்டுவிட்டுத் துளையின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். மூன்றாம் துளையில் எதைச் செருகினாலும் ஒரே எண்தான். அலுவலகத்தில் கருவிக்குப் பெயர் வைக்க வேண்டும்; சோதனை மேசையில் இருக்கைக்குப் பெயர் வைக்க வேண்டும். ஓர் இடத்தின் நல்ல வழக்கத்தை மற்றோர் இடத்துக்கு ஆராயாமல் எடுத்துச் செல்வதே பல தோல்விகளுக்கு வேர் என்று கருதுகிறேன்.

லினக்ஸில் இந்த வேறுபாடு வெளிப்படையாகவே தெரியும். ‘டெவ்/சீரியல்’ அடைவில் ‘பை-ஐடி’ கருவியின் அடையாளத்தையும் ‘பை-பாத்’ துளையையும் குறிக்கும். ‘டிடிஒய்யுஎஸ்பி0’ என்ற வரிசைப் பெயரை நிரலில் நேரடியாக எழுதிவைப்பவர்கள் பின்னால் துன்பப்படுகிறார்கள். பிரஸ் அல்லது வெல்டிங் இயந்திரம் எழுப்பும் மின் இரைச்சலில் கன்வெர்ட்டர் ஒரு கணம் அறுந்து மீண்டால், பழைய பெயரை நிரல் இன்னும் பிடித்திருப்பதால் கருவி ‘டிடிஒய்யுஎஸ்பி1’ ஆக மறுபிறவி எடுக்கும். நிரல் இறந்துபோன பெயரையே கேட்டுக்கொண்டிருக்கும்.

3.3. போலிச் சில்லுகள் இந்த அடுக்கைக் குழப்புகின்றன. பல போலிகளில் ஒரே வரிசை எண் பதிந்திருப்பதால், இரண்டு கன்வெர்ட்டர்கள் ஒரே ஆளாகத் தம்மை அறிவிக்கின்றன. 2014 அக்டோபரில் வெளியான எஃப்டிடிஐ இயக்கி போலிச் சில்லுகளின் பொருள் எண்ணைச் சுழியாக்கி அவற்றை முடக்கியது. எதிர்ப்பு எழுந்ததும் நிறுவனம் அந்த இயக்கியைத் திரும்பப் பெற்றது. தெரியாமல் போலி வாங்கிய பட்டறைக்காரர் தண்டிக்கப்பட்டது நியாயமாகத் தோன்றவில்லை. ஆனாலும் உற்பத்தி வரிசைக்கு மலிவான கன்வெர்ட்டர் வாங்குவது எவ்வளவு ஆபத்து என்பதை அந்நிகழ்வு உலகுக்கே காட்டியது.

4. மூன்றாம் அடுக்கு: உடைமை

கம்பியும் பெயரும் சரியாக இருந்தும் போர்ட் திறக்காத நேர்வு இன்று அடிக்கடி வருகிறது. விண்டோஸில் ஒரு காம் போர்ட்டை ஒரு நேரத்தில் ஒரு நிரல்தான் திறக்க முடியும். எடைமேடையின் பழைய மென்பொருள் போர்ட்டைப் பிடித்திருக்கும்போது, புதிதாக வந்த ஈஆர்பி இணைப்பு நிரல் அதே எடையைப் படிக்கப் போனால் ‘அனுமதி மறுப்பு’ என்ற பொருளில் பிழை எண் 5 வரும். ‘பிராசஸ் எக்ஸ்புளோரர்’ கருவியில் அந்த போர்ட்டின் உள்பெயரைத் தேடினால் பிடித்திருப்பவர் யாரென்று தெரியும்.

லினக்ஸ் இந்த விஷயத்தில் தாராளம், அதனாலேயே ஆபத்து. வெளிப்படையாகப் பூட்டாவிட்டால் இரண்டு நிரல்கள் ஒரே போர்ட்டைத் திறக்கலாம். வரும் பைட்டுகள் இருவருக்கும் நகலாகப் போவதில்லை. கைக்கு வந்தது யாருக்கோ அவருக்கு. 24560 கிலோ என்று இண்டிகேட்டர் அனுப்பியதில் ஓர் இலக்கம் மற்றவரிடம் போனால் 2460 என்று ரசீது விழலாம். எடையே வராவிட்டால் லாரி காத்திருக்கும், அவ்வளவுதான். தவறான எடை வந்தால் சரக்கு அனுப்பியவருக்கோ வாங்கியவருக்கோ பணம் போகும், ஓட்டுநர் மீது பழி விழும். செய்தியின் தொடக்கக் குறி, முடிவுக் குறி, நீளம் மூன்றையும் சரிபார்க்காத எடைமேடை மென்பொருளை எந்த மேடையிலும் வைக்கக் கூடாது.

தீர்வு ஒன்றே. போர்ட்டைத் திறக்கும் உரிமையை ஒரே ஒரு சேவை நிரலுக்குக் கொடுத்து, மற்றவர்கள் அதனிடம் பிணையம் வழியாகக் கேட்க வேண்டும். சீரியல் டிவைஸ் சர்வர் பெட்டிகளும் இதே கொள்கையில் அமைந்தவை. கணினி மாறினாலும் அவற்றின் ஐபி முகவரி மாறாது என்பது கூடுதல் பயன்.

அழையாத உரிமையாளர்களும் உண்டு. உபுண்டு 22.04இல் பிரெய்ல் திரைகளுக்கான ‘பிஆர்எல்டிடிஒய்’ நிரல், சிஎச்340 கன்வெர்ட்டரைத் தன் கருவியென்று எண்ணிப் பிடித்துக்கொள்ளும்.

5. மவுஸாக மாறும் எடைமேடை

சில இண்டிகேட்டர்கள் யாரும் கேட்காமலே எடையை இடைவிடாது அனுப்பும். விண்டோஸ் தொடங்கும்போது, அல்லது கன்வெர்ட்டரைச் செருகும்போது, சீரியல் எனுமரேட்டர் போர்ட்டில் என்ன இருக்கிறது என்று விசாரிக்கும். அந்த நொடியில் வந்து விழும் எடை எழுத்துகளை அது ‘மைக்ரோசாஃப்ட் சீரியல் பால்பாயின்ட்’ மவுஸின் பதிலாக எடுத்துக்கொள்வதுண்டு. அதன்பின் திரையில் அம்புக்குறி பேய் பிடித்ததுபோல் குதிக்கும், தானாகவே கிளிக் விழும். வைரஸ் என்று நினைத்துக் கணினியை அழித்து நிறுவுபவர்கள் இருக்கிறார்கள். டிவைஸ் மேனேஜரில் அந்தப் போலி மவுஸை ‘டிஸேபிள்’ செய்ய வேண்டும். ‘அன்இன்ஸ்டால்’ செய்தால் அடுத்த தொடக்கத்தில் திரும்பும். எஃப்டிடிஐ கன்வெர்ட்டரானால் போர்ட்டின் ‘அட்வான்ஸ்டு’ பக்கத்தில் ‘சீரியல் எனுமரேட்டர்’ குறியை எடுத்துவிட்டால் போதும்.

6. விசாரணை வரிசையும் கணினி மாற்றமும்

முதலில் டிவைஸ் மேனேஜரில் போர்ட் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். தெரியாவிட்டால் இயக்கி, சில்லு அல்லது கேபிள் சிக்கல். தெரிந்தால் அதன் எண்ணும் மென்பொருள் அமைப்பில் உள்ள எண்ணும் ஒன்றா என்பது இரண்டாவது. ஒன்றாக இருந்தும் திறக்காவிட்டால் பிடித்திருப்பவரைத் தேட வேண்டும். திறந்தும் குப்பை எழுத்துகள் வந்தால் பாட் வேகம், பாரிட்டி, நிறுத்த பிட் ஆகியவற்றில் கோளாறு. அது மோதலே இல்லை. கேபிளைக் கழற்றும் எண்ணம் இந்தக் கேள்விகளுக்குப் பிறகே வர வேண்டும். கன்வெர்ட்டர், துளை, காம் எண், எந்த இயந்திரம் என்ற நான்கையும் எழுதிக் கணினியின் மேலேயே ஒட்டிவைக்கும் வழக்கம் எல்லா ஷிப்டுக்கும் உதவும்.

2025 அக்டோபர் 14இல் விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11க்கு மாறும் பட்டறைகளில் பழைய பிஎல்2303எச்எக்ஸ்ஏ சில்லு உள்ள கன்வெர்ட்டர்களைச் செருகினால் டிவைஸ் மேனேஜரில் ஓர் அறிவிப்பே கருவியின் பெயராகத் தோன்றும்: இச்சில்லு 2012 முதல் கைவிடப்பட்டது, விற்பனையாளரை அணுகவும் என்று. மோதலைப் போலவே தோன்றும் இது மோதல் அன்று. அந்தக் கன்வெர்ட்டரைத்தான் மாற்ற வேண்டும். புதியது வாங்கும்போது தனி வரிசை எண் உள்ள சில்லையும், வெல்டிங் நடக்கும் கூடமானால் மின் தனிமைப்படுத்தல் உள்ள வகையையும் கேட்டு வாங்க வேண்டும். பழைய கணினியை அகற்றும் முன் அதன் போர்ட் அமைப்புகளைப் படமெடுத்து வைத்து, புதிய கணினியில் அதே காம் எண்ணைக் கையால் ஒதுக்கியபின் இயந்திரத்தை இணைத்தால், இருபத்தைந்து வயது லேத்துக்குத் தன் பக்கத்துக் கணினி மாறியதே தெரியாது.