திரையில் வந்த இயேசுவின் நிறம்



நம் தமிழ் மண்ணுக்குச் சினிமா வந்தபோதே ஆண்டவரின் கதையும் உடன் வந்தது. 1905-இல் திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியையும் சில ஊமைப்படங்களையும் விலைக்கு வாங்கினார். அவற்றுள் ஒன்று இயேசுவின் வாழ்க்கை. கூடாரம் அடித்து ஊர் ஊராக அதைக் காட்டினார். திரையில் நம்மவர்கள் கண்ட முதல் இயேசு, வெள்ளைக்கார நடிகர் ஒருவரே.

சில ஆண்டுகளில் பம்பாயில் தாதாசாகேப் பால்கேயும் கிறிஸ்துவின் வாழ்க்கைப் படம் ஒன்றைப் பார்த்தார். நம் தெய்வங்களை நம் மக்களே நடித்துத் திரையில் காண்பது எந்நாளோ என்று ஏங்கினார். அந்த ஏக்கத்தில் பிறந்தது 1913-இல் வெளிவந்த 'ராஜா அரிச்சந்திரா'. ஆனால் இயேசுவுக்கு நம்மவர் முகம் கிடைக்க வெகுகாலம் ஆயிற்று. 1977-இல் உலகம் கண்ட 'நாசரேத்தூர் இயேசு' தொடரிலும் நீலக்கண் கொண்ட ஆங்கிலேய நடிகர்தான். மறு ஆண்டு 'பாசமலர்' தந்த பீம்சிங்கின் இயக்கத்தில் 'கருணாமயுடு' என்ற தெலுங்குப் படம் வந்தது. அதில் விஜயசந்தர் இயேசுவாக நடித்தார். மக்கள் அவரையும் கைகூப்பி ஏற்றுக்கொண்டார்கள்.

நற்செய்தியாளர் நால்வரில் ஒருவர்கூட இயேசுவின் நிறத்தைச் சொல்லவில்லை. ஆனால் ஒரு குறிப்பு உண்டு. கெத்சமனியில் அவரை அடையாளம் காட்ட யூதாசு முத்தமிட வேண்டியிருந்தது. கலிலேய மீனவர் நடுவே தனித்துத் தெரியும் தோற்றம் அவருக்கு இருந்திருந்தால் அந்த முத்தம் எதற்கு? வெயிலில் உழைத்த தச்சர் அவர்.

இதை இன்று ஏன் சொல்கிறேன்? தவக்காலம் வந்தால் ஊர்தோறும் பாஸ்கா நாடகத்துக்கு ஆள் தேடுகிறோம். இயேசு வேடத்துக்கு 'நல்ல சிவப்பான பையன்' வேண்டும் என்கிறோம். கறுத்த பிள்ளைக்கு யூதாசு வேடம், இல்லையென்றால் சாட்டை பிடிக்கும் சேவகன் வேடம். செண்பகத்தோப்பு அடிவாரத்துத் தோப்புகளில் வெயிலில் வேலை செய்யும் பெற்றோரின் நிறத்தோடு பிறந்த அந்தப் பிள்ளை என்ன கற்றுக்கொள்ளும்? தூய்மைக்கு ஒரு நிறம் உண்டு, அது தன் நிறம் அல்ல என்றுதானே! மறைக்கல்வியில் கடவுளின் சாயல் நீ என்று சொல்லிக்கொடுத்ததை மேடையில் நாமே அழித்துவிடுகிறோம்.

ஆகவே அன்பர்களே, இந்த ஆண்டு வசனத்தைப் பக்தியோடு சொல்லும் பிள்ளைக்கு அந்தச் சிலுவையைக் கொடுங்கள். முகத்துக்கு மாவு பூச வேண்டாம்.