இன்சுலினோடு பறக்கிறீர்களா? பெட்டியில போடாதீங்க!

செனாய் விமான நிலையத்தில் பெட்டியை எடை போடப் போறீங்க. உள்ளே அம்மாவின் இன்சுலின். முதல்ல அதை வெளியே எடுங்க, கைப்பையில் வையுங்க.

ஏன்?
விமானத்தின் சரக்குப் பகுதியில் குளிர் உறைநிலைக்குப் போகலாம். உறைந்து உருகிய இன்சுலின் பார்க்க நல்லாவே தெரியலாம். ஆனா சரியா வேலை செய்யாது. ஊசி போட்டும் சர்க்கரை ஏறும். உறைந்ததைப் பயன்படுத்தவே கூடாது.

எப்படி வைப்பது?
திறக்காத இன்சுலினுக்கு 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் தேவை. ஐஸ் பேக் மருந்தில் நேரடியாகப் படாதபடி துணியில் சுற்றுங்கள். பயன்பாட்டில் உள்ள பேனா, பெரும்பாலான வகைகளில், 30 டிகிரிக்குள் சுமார் 4 வாரம் தாங்கும். உங்கள் மருந்தோடு வரும் தாளைப் பாருங்கள்.

பாதுகாப்புச் சோதனையில்?
பயணத்துக்குத் தேவையான மருந்துக்கு 100 மில்லிலிட்டர் திரவக் கட்டுப்பாட்டில் விலக்கு உண்டு. மருத்துவர் கடிதமும் பெயர் ஒட்டிய மருந்துப் பெட்டியும் கையில் இருக்கட்டும். ஊசி இருப்பதை அதிகாரியிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். ஐஸ் பேக் பற்றி விமான நிறுவனத்திடம் கேளுங்கள்.

சாங்கியில் ஏறுபவர்களுக்கு
காஸ்வே நெரிசலில் மருந்தை டேஷ்போர்டில் வைக்காதீங்க. குளிர் மட்டுமல்ல, வெயிலும் இன்சுலினைக் கெடுக்கும்.