கெடுவுக்கு முன் முடிக்கப்பட்ட பரோல்

அமெரிக்கக் குடிவரவுச் சட்டத்தில் பரோல் என்பது விசா அன்று. அதைப் பெற்றவர் நாட்டுக்குள் தங்கலாம், வேலைக்கு அனுமதி கேட்கலாம். ஆனால் சட்டத்தின் கணக்கில் இன்னும் வாசலில்தான் நிற்கிறார். 1952-ஆம் ஆண்டுச் சட்டம் தந்த இந்த அதிகாரத்தை, அவசர மனிதநேயக் காரணத்துக்கோ குறிப்பிடத்தக்க பொதுநலனுக்கோ ஆள்வாரியாகப் பரிசீலித்தே பயன்படுத்த வேண்டும் என்று 1996-இல் காங்கிரஸ் இறுக்கியது.

பைடன் அரசு 2022 அக்டோபரில் வெனிசுவேலாவினருக்கும், 2023 ஜனவரியில் கியூபா, ஹெய்ட்டி, நிகரகுவா நாட்டினருக்கும் இந்த வழியைத் திறந்தது. அமெரிக்காவில் ஒருவர் பொறுப்பேற்க வேண்டியிருந்தது. பின்னணிச் சோதனையில் தேற வேண்டியிருந்தது. விமானச் சீட்டும் சொந்தச் செலவு. கிடைத்தது அதிகபட்சம் 2 ஆண்டு. சுமார் 5,32,000 பேர் இப்படி வந்தார்கள். டிரம்ப் அரசு 2025 மார்ச் 25-ஆம் நாள் அரசிதழில் ஒரே அறிவிப்பை வெளியிட்டு, மீதிக் காலம் எவ்வளவு இருந்தாலும் 30 நாளில் அனைவரின் பரோலும் முடியும் என்றது.

இதை எதிர்த்துத் தொடுக்கப்பட்ட வழக்கில் பெரிதும் பேசப்பட்ட வாதம் இது: ஆள்வாரியாகக் கொடுத்ததை ஆள்வாரியாகத்தானே பறிக்க வேண்டும்? பாஸ்டன் மாவட்ட நீதிபதி இந்திரா தல்வானி ஏப்ரல் 14-இல் இதை ஏற்று அறிவிப்பை நிறுத்திவைத்தார். மே 30-இல் உச்ச நீதிமன்றம் காரணம் எதுவும் கூறாமல் அந்தத் தடையை விலக்கியது. நீதிபதிகள் ஜாக்சனும் சோட்டோமேயரும் உடன்படவில்லை. செப்டம்பரில் முதலாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றமும், ஆள்வாரி நிபந்தனை வழங்குவதற்கே உரியது, முடிப்பதற்கு அன்று என்றது. சட்ட வாசகத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் இந்த வாசிப்பை எளிதில் தள்ள முடியாது என்பதே என் கருத்து.

அறிவிப்பின் உண்மையான பலவீனம் வேறிடத்தில் இருக்கிறது. பொறுத்திருந்தால் ஒவ்வொருவரின் கெடுவும் தானாகவே முடிந்திருக்கும். ஏன் பொறுக்கவில்லை? அறிவிப்பே பதில் சொல்கிறது: வந்து 2 ஆண்டு கடந்தவரை, குடிவரவு நீதிபதியின் முன் முழு விசாரணை இல்லாமல் அனுப்பிவிடும் விரைவு வெளியேற்ற முறைக்குள் கொண்டுவர முடியாது. ஆகவே அவசரத்தின் நோக்கம் விசாரணையைத் தவிர்ப்பது. பரோலில் முறையாக நுழைந்தவர்களுக்கு அந்த முறை பொருந்தவே பொருந்தாது, அரசு சட்டத்தைத் தவறாகப் படித்திருக்கிறது என்றார் தல்வானி. மனிதநேயக் காரணம் தீர்ந்துவிட்டதா என்று பார்க்க வேண்டிய இடத்தில், வெளியேற்றும் வசதியைப் பார்த்திருக்கிறார்கள்.

குறை ஒரு தரப்பில் மட்டும் இல்லை. 1956 முதல் பரோலில் வந்த 30,000-க்கும் மேற்பட்ட ஹங்கேரியர்களுக்குக் காங்கிரஸ் 1958-இல் தனிச் சட்டம் இயற்றி நிரந்தர வசிப்புரிமைக்கு வழிவிட்டது. கியூபாவினருக்கு 1966-இலும் இந்தோசீன அகதிகளுக்கு 1977-இலும் அப்படியே நடந்தது. இம்முறை அப்படி ஒரு சட்டம் பின்தொடரவில்லை. பைடன் அரசும் நிர்வாக அதிகாரத்தை நம்பியே அரை மில்லியன் பேரை வரவழைத்தது. நிர்வாகம் கொடுத்ததை அடுத்த நிர்வாகம் எடுத்துக்கொண்டது.

எழுத்தில் கொடுத்த கெடுவை, தனித்தனியாகக் காரணம் காட்டாமல் இடையில் வெட்டக் கூடாது என்று காங்கிரஸ் சட்டத்தைத் திருத்தினால் ஒழிய, எந்த அரசு கொடுக்கும் பரோலையும் நம்பி யாரும் வீட்டை விற்றுவிட்டு விமானம் ஏறுவது புத்திசாலித்தனம் ஆகாது.