எந்த ஆயர்?

வண்ணாரப்பேட்டையில் ‘ஆயர் வருகிறார்’ என்று சுவரொட்டி ஒட்டினால், எந்த ஆயர் என்று கேட்டாக வேண்டும். கத்தோலிக்கருக்கு அவர் பிஷப், சி.எஸ்.ஐ. சபையாருக்கோ தங்கள் சபையின் போதகர். அங்கே பிஷப்பைப் பேராயர் என்பார்கள். கத்தோலிக்கரிடம் அதே சொல் ஆர்ச்பிஷப்பைக் குறிக்கும்!

முல்லை நிலத்தில் ஆ மேய்த்தவர் ஆயர். லத்தீன் ‘பாஸ்டர்’ என்பதற்கும் மேய்ப்பர் என்றே பொருள் என்பதால் தமிழ்ச்சொல் கச்சிதம். போர்த்துகீசிய ‘பாத்ரே’ தந்த பாதிரிக்கு அப்பா என்று பொருள். பழந்தமிழில் பாதிரி ஒரு மரம்; திருப்பாதிரிப்புலியூர்க்காரர்களுக்குத் தெரியும்.

குருப்பட்டம் பெறாத மற்றவர்கள்? கிரேக்க ‘லாவோஸ்’ என்றால் மக்கள். அதன் வழிவந்த ‘லெயிட்டி’க்குக் கத்தோலிக்கத் தமிழ் ‘பொதுநிலையினர்’ என்கிறது. ராயபுரத்தில் புனித பேதுரு ஆலயத்தை எழுப்பிய படகோட்டிகள் குருப்பட்டம் பெறாதவர்கள்தான். அவர்களைச் ‘சாதாரண விசுவாசிகள்’ என்று எழுதுவதைச் செய்தியாளர்கள் விட்டுவிடலாம்.