அமர இடம் கேட்டவர்கள்: உணவு மேடை இருக்கைகளின் வரலாறு



இப்பொழுது கட்டப்படும் அடுக்குமாடி வீடுகள் பலவற்றில் சமையலறைக்கும் கூடத்திற்கும் இடையே சுவர் இருப்பதில்லை. சுவர் இருக்க வேண்டிய இடத்தில் இடுப்பளவு உயரத்தில் ஒரு மேடையும் அதன் முன் இரண்டு மூன்று உயரமான ஸ்டூல்களும் இருக்கின்றன. இவற்றை வாங்கச் செல்வோர் முதலில் மேடையின் உயரத்தை அளந்துகொள்ள வேண்டும். 36 அங்குல மேடைக்கு 24 முதல் 26 அங்குல ஸ்டூல் பொருந்தும். மதுக்கூடங்களில் உள்ளதைப் போன்ற 42 அங்குல மேடைக்கு 30 அங்குல ஸ்டூல் வேண்டும். இருக்கைக்கும் மேடைக்கும் நடுவே 10 முதல் 12 அங்குலம் இருந்தால்தான் முழங்கால் இடிக்காது. ஓர் இருக்கையின் நடுவிலிருந்து அடுத்த இருக்கையின் நடுவுக்கு 24 அங்குலமாவது விட வேண்டும். அதற்குக் குறைந்தால் உண்பவரின் முழங்கை அடுத்தவர் விலாவில் படும்.

24 அங்குலம் என்பது இரண்டடி. மேசையில் உண்பவர் தம்மோடு அமர்வோரைத் தாமே தேர்ந்துகொள்கிறார். உணவு மேடையிலோ முன்பின் அறியாத ஒருவர் இரண்டடித் தொலைவில் வந்து அமர்கிறார். இருவரும் ஒரே திசை நோக்கி, ஒரே உயரத்தில், ஒரே கை பரிமாறும் உணவை உண்கின்றனர். யார் பெரியவர், யார் சிறியவர் என்று காட்ட அங்கே வழியில்லை. இந்த இரண்டடி நெருக்கத்தைத் தாங்க முடியாத ஒரு சமுதாயம் இருந்தது. அந்த இருக்கையில் அமர்வதற்காக மாணவர்கள் அடி வாங்கினர், சிறை சென்றனர். நம் பிள்ளைகள் அறிந்துகொள்ள வேண்டிய வரலாறு அது.

நிற்கலாம், அமரக்கூடாது

20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் அமெரிக்காவின் மலிவு விலைக் கடைகளும் மருந்துக் கடைகளும் தம் வாடிக்கையாளருக்காக உள்ளேயே உணவு மேடைகளை அமைத்தன. தரையோடு பொருத்தப்பட்ட ஒற்றைக்கால் சுழல் இருக்கைகள் அவற்றின் முன் வரிசையாக நின்றன. காப்பி, ரொட்டி, பழப்பணியாரம் ஆகியவை அங்கே விரைவாகவும் மலிவாகவும் கிடைத்தன.

தென் மாநிலங்களில் கறுப்பின மக்கள் அதே கடையில் பற்பசை வாங்கலாம், நோட்டுப் புத்தகம் வாங்கலாம். கடைக்காரர் அவர்களின் காசைக் கைநீட்டிப் பெற்றுக்கொள்வார். ஆனால் உணவு மேடையின் முன் அவர்கள் அமர முடியாது. சில கடைகளில் அவர்களுக்கென நின்றுகொண்டு உண்ணும் இடம் தனியே இருந்தது.

நார்த் கரோலினாவின் சார்லட் நகரில் பத்திரிகை நடத்திய ஹாரி கோல்டன் 1956இல் இதைக் கேலி செய்து எழுதினார். வங்கியிலும் கடையிலும் இரு இனத்தவரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். நிற்கும்வரை சிக்கல் இல்லை. அமரும்போதுதான் சிக்கல் எழுகிறது. எனவே பள்ளிகளிலிருந்து நாற்காலிகளை எல்லாம் எடுத்துவிட்டால் பிள்ளைகள் ஒன்றாக நின்றே படிக்கலாமே என்பது அவர் சொன்ன யோசனை.

அந்தக் கேலி பின்னர் உண்மையாயிற்று. வர்ஜீனியாவின் டான்வில் நகர நூலகத்தில் 1960ஆம் ஆண்டிலும், அலபாமாவின் மான்ட்கோமரி நகர நூலகத்தில் 1962ஆம் ஆண்டிலும், கறுப்பினத்தவரை அனுமதிக்க வேண்டிய நிலை வந்தபோது நாற்காலிகளை அப்புறப்படுத்தினார்கள். இரு இனத்தவரும் அருகருகே அமர்வதைக் காட்டிலும் எவருமே அமராதிருப்பது மேல் என்று அவர்கள் கருதினார்கள்.

ஓர் ஆசிரியையும் 13 பிள்ளைகளும்

ஓக்லஹோமா மாநிலத்தில் கிளாரா லூப்பர் என்னும் கறுப்பினப் பெண்மணி வரலாற்று ஆசிரியையாகப் பணியாற்றினார். 1958 ஆகஸ்ட் 19ஆம் நாள் அவருடைய வழிகாட்டலில் 13 பிள்ளைகள் ஓக்லஹோமா சிட்டி நகரின் கேட்ஸ் மருந்துக் கடைக்குச் சென்று, உணவு மேடையின் முன் அமர்ந்து கொக்கோ கோலா கேட்டனர். அப்படிச் செய்யலாம் என்ற யோசனையை முன்வைத்தவள் ஆசிரியையின் மகள் மேரிலின்; அவளுக்கு அப்பொழுது வயது 8. அங்கிருந்தோர் வசை பொழிந்தனர். பிள்ளைகள் எழுந்திருக்கவில்லை. ஒரு சில நாட்களிலேயே அந்நிறுவனம் பணிந்து, தன் உணவு மேடைகளை எல்லார்க்கும் திறந்துவிட்டது.

வரலாற்றைப் பாடமாக நடத்திய ஆசிரியை ஒருவர், தம் பிள்ளைகளை அழைத்துச் சென்று வரலாற்றையே நடத்திக் காட்டினார் என்றால் அது மிகையாகாது.

கிரீன்ஸ்பரோவின் நால்வர்

உலகம் திரும்பிப் பார்த்தது 1960 பிப்ரவரி 1ஆம் நாள். நார்த் கரோலினாவின் கிரீன்ஸ்பரோ நகரில், கறுப்பினத்தவருக்கான வேளாண் தொழில்நுட்பக் கல்லூரியில் முதலாண்டு பயின்ற நால்வர் வூல்வொர்த் கடைக்குள் நுழைந்தனர். எசல் பிளேர், டேவிட் ரிச்மண்ட், பிராங்க்ளின் மெக்கெய்ன், ஜோசப் மெக்நீல் என்பன அவர்கள் பெயர்கள். முதலில் சில சிறு பொருள்களை வாங்கிப் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்திக்கொண்டனர். பின்னர் உணவு மேடையின் முன் அமர்ந்து காப்பி கேட்டனர். மறுக்கப்பட்டபோது, அதே கடையின் மற்றொரு மேடையில் எங்கள் பணத்தை வாங்கிக்கொண்டீர்களே என்று பற்றுச்சீட்டைக் காட்டினர். கடை மூடும்வரை காப்பி வரவில்லை, அவர்களும் எழவில்லை.

அந்த மாலையில் வயது முதிர்ந்த வெள்ளைக்காரப் பெண்மணி ஒருவர் தங்களை நோக்கி வந்ததை மெக்கெய்ன் பின்னாளில் நினைவுகூர்ந்தார். ஏசப்போகிறார் என்று அவர் எதிர்பார்த்தார். அந்த அம்மையாரோ அவர்கள் தோளில் கைவைத்து, உங்களை எண்ணிப் பெருமைப்படுகிறேன், பத்தாண்டுகளுக்கு முன்பே இதைச் செய்திருக்க வேண்டும் என்று சொன்னாராம். தோற்றத்தை வைத்து எவரையும் எடைபோடக் கூடாது என்ற பாடத்தை, அதற்காகவே போராட வந்த இளைஞரும் அன்று கற்றுக்கொண்டார்.

மறுநாள் 20க்கும் மேற்பட்டோர் வந்தனர். நான்காம் நாள் போராட்டத்தில் 300க்கும் மேற்பட்டோர் இருந்தனர். அவர்களுள் மூவர் வெள்ளையின மாணவியர். அந்த மேடையில் இருந்த இருக்கைகள் 60க்குச் சற்றே கூடுதல். தரையோடு பொருத்தப்பட்டவை ஆதலால் கூட்டவும் முடியாது, நகர்த்தவும் முடியாது. மாணவர்கள் முறைவைத்து அமர்ந்தபோது விற்பனை நின்றது. கடைக்காரர் ஒதுக்கி வைப்பதற்குப் பயன்படுத்திய இருக்கை வரிசையே மாணவர்களுக்குப் படைக்கருவியாயிற்று.

வகுப்பில் இதைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நால்வர் மேடையின் முன் அமர்ந்திருக்கும் புகழ்பெற்ற நிழற்படம் முதல் நாளில் எடுக்கப்பட்டதன்று. அது இரண்டாம் நாள் படம். அதில் மெக்நீலும் மெக்கெய்னும் இருக்கின்றனர். மற்ற இருவர் பில்லி ஸ்மித், கிளாரன்ஸ் ஹென்டர்சன்.

நிமிர்ந்து அமர்க

டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகரில் பிப்ரவரி 13ஆம் நாள் மாணவர்கள் அமரத் தொடங்கினர். அவர்களுக்குப் பயிற்சி அளித்த ஜேம்ஸ் லாசன், 1950களில் நாக்பூரில் சில ஆண்டுகள் தங்கிக் காந்தியடிகளின் அறப்போர் முறையைப் பயின்று திரும்பியவர். அம்மாணவர்கள் வகுத்துக்கொண்ட நடத்தை விதிகள் எளியவை. அடித்தால் திருப்பி அடிக்காதே, ஏசினால் திருப்பி ஏசாதே, நிமிர்ந்து அமர், எப்பொழுதும் மேடையை நோக்கியே இரு, கடையின் வாயிலை மறிக்காதே என்பன அவற்றுள் சில. பிறர் தலையில் கெட்சப் ஊற்றும்போதும் முதுகு வளையாமல் அமர்ந்திருக்க எத்துணை மனவுறுதி வேண்டும்! மே 10ஆம் நாள் அந்நகரின் கடைகள் கறுப்பின மக்களுக்கு உணவு பரிமாறத் தொடங்கின.

கிரீன்ஸ்பரோவில் இன்னும் சில வாரங்கள் பிடித்தன. ஏறத்தாழ 2 லட்சம் டாலர் வணிகத்தை இழந்தபின், 1960 ஜூலை 25ஆம் நாள் வூல்வொர்த் கடையின் மேலாளர், தம்மிடம் வேலை பார்த்த கறுப்பினப் பணியாளர் நால்வரை அழைத்தார். பணி உடையை மாற்றிக்கொண்டு வந்து மேடையின் முன் அமர்ந்து உணவு கேட்குமாறு சொன்னார். அவர்களுள் ஒருவர் ஜெனிவா டிஸ்டேல். அந்த மேடையில் முதன்முதலாக உணவு பெற்ற கறுப்பினத்தவர் அந்தக் கடையின் சொந்த ஊழியர்களே! அதுவரை அவர்கள் உழைக்கலாம். உண்ண அமர முடியாது. மேடையின் அகலம் சில அடிகள்தாம். ஒரு புறத்திலிருந்து மறு புறத்திற்கு வர அவர்களுக்கு அத்தனை காலம் ஆயிற்று.

1964 ஜூலை 2ஆம் நாள் கையொப்பமான குடிசார் உரிமைகள் சட்டம், பாகுபாடு காட்டக்கூடாத இடங்களின் பட்டியலில் உணவு மேடையையும் பெயர் சொல்லியே சேர்த்தது. அக்கடையின் நான்கு இருக்கைகளும் மேடையின் ஒரு பகுதியும் வாஷிங்டனில் உள்ள தேசிய அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டன. அந்தக் கடைக் கட்டடம் 2010 பிப்ரவரி 1ஆம் நாள் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது.

நம் பக்கம்

இதைப் படித்துவிட்டு, அமெரிக்கர்கள் எவ்வளவு கொடியவர்கள் என்று மட்டும் பிள்ளைகளிடம் சொல்லி முடித்துவிடக் கூடாது. தமிழகச் சிற்றூர்த் தேநீர்க் கடைகளில் பெஞ்சில் ஒருசாராரே அமரலாம், மற்றவர் நின்றோ தரையில் குந்தியோ தனிக் குவளையில் குடிக்க வேண்டும் என்ற கொடுமை நடந்ததை நாம் அறிவோம். இரட்டைக் குவளை என்ற சொல் நம் மொழியில்தான் இருக்கிறது. பிறர் குற்றத்தைக் கற்பிக்கும்போது நம் குற்றத்தை மறைத்தால் அது வரலாற்றுப் பாடம் ஆகாது.

வகுப்பறையிலும் இருக்கைகளை இடுபவர் நாமே. முன்வரிசையில் எவர், பின்வரிசையின் மூலையில் எவர், எவர் அருகில் அமர எவர் மறுக்கிறார் என்பதை ஒரு நாள் உற்றுக் கவனியுங்கள். பெற்றோர்களே, உங்கள் வீட்டுச் சமையல் மேடையின் முன் ஸ்டூல் போடும்போது உயரத்தையும் இடைவெளியையும் சரியாக அளந்துகொள்ளுங்கள். அத்துடன், அந்த வீட்டில் சமைக்கின்றவருக்கும், உதவிக்கு வருகின்ற பணிப்பெண்ணுக்கும் அங்கே ஓர் இருக்கை உண்டா என்பதையும் எண்ணிப் பாருங்கள். பிள்ளைகள் அதைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறார்கள்.