மூன்று நெம்புகோல் அளவுத்திருத்தம்

வீட்டுக் கணினியில் விமானம் ஓட்டுபவர்கள் மேசையில் வைத்திருக்கும் த்ராட்டில், புரொப்பெல்லர், மிக்ஸ்சர் நெம்புகோல்களின் அசைவை, திரையில் உள்ள விமானத்தின் அசைவோடு பொருத்தும் வேலைக்கு அளவுத்திருத்தம் என்று பெயர். பழகியவர்கள் காலிபரேஷன் என்றே சொல்வார்கள். த்ராட்டில் எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்துகிறது. புரொப்பெல்லர் நெம்புகோல் புரொப்பெல்லர் தகடுகளின் சாய்வை மாற்றி, சுழற்சி வேகத்தை நிலைநிறுத்துகிறது. மிக்ஸ்சர், காற்றோடு சேரும் பெட்ரோலின் விகிதத்தைக் கூட்டிக் குறைக்கிறது. இவற்றின் குமிழ்களுக்கு முறையே கறுப்பு, நீலம், சிவப்பு என்பது வழக்கம். பார்க்காமலே கை கண்டுகொள்ள வேண்டும் என்பதற்காகக் குமிழ்களின் வடிவத்தையும் அமெரிக்க விமானத் தகுதி விதிகள் வேறுபடுத்தி வைத்தன.

எல்லா விமானத்திலும் மூன்றும் இருப்பதில்லை. 1932 அக்டோபரில் ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குக் கொண்டுவந்த தபாலை, விமானி நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாகச் சென்னைக்கு ஏற்றிவந்தது ஒரு புஸ் மாத் விமானத்தில். அதன் புரொப்பெல்லரின் சாய்வு மாறாதது. நீலக் குமிழுக்கு அங்கே வேலையே இல்லை. பயிற்சிப் பள்ளிகளில் இன்று பரவலாகக் காணப்படும் செஸ்னா 172 விமானமும் பெரும்பாலும் அப்படித்தான். புதிதாக நெம்புகோல் பெட்டி வாங்கியவர் செஸ்னா 172-ல் உட்கார்ந்துகொண்டு, "நீலம் வேலை செய்யவில்லை" என்று பெட்டியைத் திருப்பி அனுப்பக் கிளம்புவது இதனால்தான். நீலத்தைச் சோதிக்க செஸ்னா 182 போன்ற ஒன்றை எடுக்க வேண்டும்.

காஞ்சிபுரத்தின் நெசவாளர் பகுதியான பிள்ளையார்பாளையத்தில் தறியில் எந்த இழை எழ வேண்டும் என்று சொல்லும் ஜக்கார்டு அட்டையைப் பார்த்து வளர்ந்தவருக்கு இந்தப் பொருத்தும் வேலை ஏன் தேவைப்படுகிறது என்பது சட்டென்று புரியும். அட்டையில் துளை இருக்கும், அல்லது இருக்காது. இழை எழும், அல்லது எழாது. நடுநிலை என்று ஒன்று இல்லாததால் அங்கே அளவைத் திருத்தவும் ஏதும் இல்லை. நெம்புகோலோ முழுக்க நடுநிலைகளால் ஆனது. அதன் அடியில் இருக்கும் பொட்டென்ஷியோமீட்டர் கை நகர நகர மின்னழுத்தத்தை மாற்றுகிறது. ஒரு சில்லு அதை எண்ணாக்குகிறது. 10 பிட் சில்லு என்றால் 0 முதல் 1023 வரை. ஆனால் கடைசி வரை இழுத்தாலும் 30-க்குக் கீழே இறங்காத, முழுக்கத் தள்ளினாலும் 990-ஐத் தாண்டாத நெம்புகோல்களே அதிகம். திருத்தாமல் விட்டால் இழுத்த நிலையில் 3 சதவீதம் மிச்சம் நிற்கும். தள்ளிய நிலையில் 97 சதவீதத்தோடு நின்றுவிடும். 30-ஐச் சுழி என்றும் 990-ஐ நூறு என்றும் கணினிக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் மொத்த வேலையும்.

விண்டோஸில் ஜாய் டாட் சிபிஎல் என்ற கட்டளை திறக்கும் பெட்டியில் இதைச் செய்யலாம். எக்ஸ்-பிளேன், ஃப்ளைட்கியர், மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் ஆகியவற்றின் அமைப்புப் பக்கங்களிலும் அச்சுகளை (ஒவ்வொரு நெம்புகோலும் ஓர் அச்சு) சரிசெய்ய இடம் உண்டு. இரண்டு இடத்தில் திருத்தினால் ஒன்றை மற்றொன்று கெடுக்கும். ஓரிடத்தோடு நிறுத்துவதே நல்லது. நெம்புகோலை மெதுவாக, வழக்கமான கை அழுத்தத்தில் கோடி முதல் கோடி வரை நகர்த்த வேண்டும். முட்டுகிற இடத்தில் இன்னும் அழுத்தினால் பிளாஸ்டிக் வளைந்து ஒரு போலி எல்லை பதிவாகிவிடும். பிறகு பறக்கும்போது கை அதை எட்டவே எட்டாது. நடுவைச் சுழியாகக் கொண்ட ஜாய்ஸ்டிக் அச்சு என்று மென்பொருள் தவறாக எடுத்துக்கொண்டால், நெம்புகோலின் பாதி ஓட்டம் வீணாகும். திசை தலைகீழாக இருந்தால் 'ரிவர்ஸ்' என்ற கட்டத்தில் ஒரு டிக் போதும்.

பெரும்பாலான விளக்கக் குறிப்புகள் மூன்று நெம்புகோலுக்கும் ஒரே முறையைச் சொல்லி முடித்துக்கொள்கின்றன. அது போதாது. ஒவ்வொன்றுக்கும் உயிர்நிலை வேறு இடத்தில் இருக்கிறது. த்ராட்டிலுக்கு அடிக்கோடி: அங்கே 3 சதவீதம் மிஞ்சினால் தரையிறங்கும் விமானம் ஓடுபாதையைத் தொடாமல் மிதந்துகொண்டே போகும். புரொப்பெல்லருக்கு மேல்கோடி: செஸ்னா 182டி-யின் எஞ்சின் 230 குதிரைத்திறனைத் தருவது நிமிடத்துக்கு 2,400 சுற்றில், முழுக்கத் தள்ளிப் புறப்பட்டும் சுற்றைக் காட்டும் முள் அதற்குக் கீழேயே நின்றால் நெம்புகோல் உச்சியைத் தொடவில்லை என்று சந்தேகிக்கலாம். மிக்ஸ்சருக்கு அடிக்கோடியும் நடுப்பகுதியும் சேர்ந்தே முக்கியம். பிஸ்டன் எஞ்சினை நிறுத்துவது சாவியால் அல்ல, சிவப்பை இழுத்துப் பெட்ரோலை வெட்டித்தான். முழுக்க இழுத்தும் எஞ்சின் இருமிக்கொண்டே ஓடினால் கீழ்க்கோடி சரியில்லை. இந்த மூன்று கோடிகளிலும் 2 சதவீத அளவுக்கு, கை சற்று நகர்ந்தாலும் எண் மாறாத ஒரு செயலற்ற பட்டை விட்டால் தொல்லை தீரும்.

சோதனை ஓட்டத்துக்குச் சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்திலிருந்து மேற்கே கிளம்பலாம். காஞ்சிபுரம் நேர்கோட்டில் ஏறக்குறைய 55 கி.மீ. ஏகாம்பரநாதர் கோயில் கோபுரமும், பிள்ளையார்பாளையத்தை ஒட்டிய கைலாசநாதர் கோயிலும் கீழே வரும்போது வடக்கே திரும்பினால், 27 கி.மீ. தொலைவில் அரக்கோணம். அங்கே 1992-ல் தொடங்கப்பட்ட கடற்படையின் ஐ.என்.எஸ். ராஜாளி தளத்தில், நிஜத்தில் நமக்குக் கிடைக்காத அனுமதி கணினியில் தாராளமாகக் கிடைக்கும். ஆனால் அதன் ஓடுபாதை மிக நீளமானது. த்ராட்டிலின் அடிக்கோடிப் பிழையை அது மன்னித்து மறைத்துவிடும். அந்தச் சோதனைக்குச் சிறிய ஓடுபாதையே ஏற்றது.

இந்தச் சமவெளியில் மிக்ஸ்சரின் நடுப்பகுதியையும் சோதிக்க முடியாது. காஞ்சிபுரம் கடல்மட்டத்திலிருந்து 80 மீட்டர் அளவில்தான் இருக்கிறது. புறப்படும்போது சிவப்பு முழுக்க முன்னே இருந்தாலே போதும். பெங்களூருக்குப் போனால் கதை மாறும். ஓடுபாதையே சுமார் 3,000 அடியில். 30 டிகிரி வெயிலில் எஞ்சினுக்கு அது 5,500 அடியில் இருப்பதற்குச் சமம். காற்று மெலிந்திருக்கையில் பெட்ரோல் அப்படியே இருந்தால் கலவை தடித்துத் திறன் குறையும். செஸ்னா 172-ல் முழுத் த்ராட்டிலில் நின்றபடி சிவப்பைச் சிறுகச் சிறுக இழுத்தால் சுற்று ஏறி, உச்சத்தைத் தொட்டு, பிறகு விழும். அந்த உச்சம் நெம்புகோலின் ஓட்டத்தில் விரலளவு இடமாவது பிடிக்க வேண்டும். மயிரிழையில் கடந்துபோனால், நெம்புகோலின் அசைவுக்கு எவ்வளவு மாற்றம் என்பதைக் காட்டும் உணர்திறன் வளைவை மென்பொருளில் அந்த இடத்தில் தட்டையாக்க வேண்டும்.

சரியாகத் திருத்திய பின்னும் எண் தானாகத் துடித்தால் குற்றம் மென்பொருளில் இல்லை. பொட்டென்ஷியோமீட்டரின் கரித்தடத்தில் தூசி ஏறியிருக்கும், அல்லது தடம் தேய்ந்திருக்கும். மின்தொடர்புகளைச் சுத்தம் செய்யும் தெளிப்பு சில மாதம் தாங்கும். எட்வின் ஹால் 1879-ல் கண்டறிந்த விளைவைப் பயன்படுத்தும் ஹால் உணரிகளில் காந்தமும் சில்லும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. அதனால் தேய்மானமும் இல்லை, விலைதான் கூடுதல்.

டயமண்ட் டிஏ42 போன்ற டீசல் எஞ்சின் விமானங்களில் எஞ்சினுக்கு ஒரே நெம்புகோல். சாய்வையும் எரிபொருளையும் கணினியே கவனித்துக்கொள்கிறது. அதை ஓட்டும்போது நீலத்தையும் சிவப்பையும் அச்சுப் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம்; சிலர் அவற்றை ஃப்ளாப்புக்கும் பிரேக்குக்கும் மாற்றிக்கொள்கிறார்கள்.